அப்ரைசல் கூட்டத்தில் உங்களைப் பற்றி என்ன சொல்வார்கள்? ஐடி வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் பேர் எடுக்க ஒரு வழிகாட்டி

உங்கள் ரேட்டிங் முடிவாகும் கூட்டத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. தரமணியோ சிறுசேரியோ, சென்னையில் எந்த ஐடி கம்பெனியை எடுத்துக்கொண்டாலும், வருடத்துக்கு ஒரு முறை நான்கைந்து மேனேஜர்கள் ஓர் அறையில், இப்போதெல்லாம் ஒரு டீம்ஸ் காலில், உட்கார்ந்து எக்செல் ஷீட்டைத் திறந்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராகப் பேசிக்கொண்டு போவார்கள். ஃப்ரெஷர் பெயர் வரும்போது கிடைப்பது ஒரு நிமிடம், சில சமயம் அதுவும் இல்லை. அப்போது உங்கள் மேனேஜர் "நல்ல பையன், ஒழுங்கா வேலை பார்க்கிறான்" என்று சொன்னால் நீங்கள் நடுவில் எங்கோ போய் விழுவீர்கள், ஏனென்றால் பக்கத்து மேனேஜரும் தன் டீமில் பாதிப் பேரைப் பற்றி அதையேதான் சொல்லப்போகிறார். "டிசம்பர்ல பேமென்ட் ஃபைல் ராத்திரியில நின்னு போச்சே, அதைக் கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணுதான், இப்ப அந்த ஏரியாவே அவ கையில இருக்கு" என்று சொன்னால் கதை வேறு.

அந்த இரண்டாவது மாதிரி வாக்கியம் உங்களைப் பற்றி வர வைப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. "பர்சனல் பிராண்ட்" என்று இதற்குப் பெரிய பெயர் உண்டு. 1997-ல் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அதைப் பிரபலமாக்கினார், ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒரு கம்பெனி என்கிற தோரணையில். நேற்று சேர்ந்து, இன்னும் லேப்டாப்புக்கு ஆக்ஸஸ் வராமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தோரணை சரிப்படாது. நமக்கு வேண்டியது சாதாரணமான ஒன்று, ஆபீஸில் நல்ல பேர்.

"வேலையைச் செய்தால் போதாதா, தம்பட்டம் எதற்கு" என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். நிறைகுடம் தளும்பாதுதான், ஆனால் மூடி போட்டு வரிசையாக வைத்த நூறு குடத்தில் எது நிறைகுடம் என்று மேனேஜர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஊழியர்களை மேலே 20, நடுவே 70, கீழே 10 சதவீதம் என்று பிரிக்கும் முறையை ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் ஜாக் வெல்ச் நடத்தினார், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள், மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் தன் கட்டாய வரிசைப்படுத்தலைக் கைவிட்டது. எங்களிடமும் பெல் கர்வ், அதாவது இப்படி விகிதம் போட்டுப் பிரிக்கும் முறை, இல்லை என்று உங்கள் எச்ஆர் சொல்லலாம். இருக்கட்டும். சம்பள உயர்வுக்கு ஒதுக்கிய பணம் ஓர் அளவுதான் என்கிறபோது ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும், ஷீட்டில் அந்தக் கோடு வரைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும்.

சரி, வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் உங்கள் பெயரையே சரிசெய்யுங்கள்

இதை எந்த வெளிநாட்டுக்காரர் எழுதிய வழிகாட்டியிலும் பார்க்க முடியாது, ஏனென்றால் இது நம் இனிஷியல் பிரச்சினை. எம். கார்த்திக் என்று ஒருவர் சேர்கிறார், அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் கடைசிப் பெயர் கட்டாயம் என்று கேட்டதால் முருகேசன் என்று போட்டிருப்பார். மெயிலில் அது "முருகேசன், கார்த்திக்" என்று தெரியும். அதன் பிறகு அமெரிக்காவிலிருந்து வரும் மெயில் எல்லாம் "ஹாய் முருகேசன்" என்றுதான் ஆரம்பிக்கும். வேலை செய்தது மகன், நன்றி போவது அப்பாவுக்கு. சிரிப்பாக இருக்கும், ஆனால் டீமுக்குள் கார்த்திக் என்றும் க்ளையன்ட்டிடம் முருகேசன் என்றும் இரண்டு பெயர் ஓடினால், க்ளையன்ட் மேலே பாராட்டும்போது யாரைச் சொல்கிறார் என்று பலருக்குப் புரியாது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஐடி ஹெல்ப்டெஸ்க்குக்கு ஒரு டிக்கெட் போட்டு, மெயிலிலும் டீம்ஸிலும் தெரியும் பெயரை நீங்கள் அழைக்கப்பட விரும்பும் பெயர் முன்னால் வருகிற மாதிரி மாற்றக் கேளுங்கள். முடியாது என்று சொன்னால் மெயிலின் கடைசியில் "கார்த்திக்" என்று மட்டும் கையெழுத்துப் போடுங்கள், கால் தொடங்கும்போது "கார்த்திக் ஃப்ரம் சென்னை" என்று சொல்லுங்கள். கொஞ்ச நாளில் ஒட்டிக்கொள்ளும். கூடவே பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். அதில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைச் சர்நேமாக வைத்து, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு, அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். ஆன்சைட் வாய்ப்பு, அதாவது க்ளையன்ட் நாட்டுக்கே போய் வேலை பார்க்கும் வாய்ப்பு, வரும் வாரத்தில் இதற்காக ஓடுவதைவிட இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

2. திறமைசாலி என்ற பேருக்கு முன்னால் நம்பலாம் என்ற பேர்

முதல் சில மாதங்களில் உங்கள் கோடிங் திறமையை யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை, க்ளையன்ட்டிடம் உங்களுக்காகப் பணம் வாங்கும் பில்லிங் கணக்கில்கூட இல்லாமல், யாருக்காவது ஷேடோவாக, கூடவே இருந்து பார்த்துக் கற்றுக்கொள்பவராகத்தான் இருப்பீர்கள். அவர்கள் பார்ப்பது ஒன்றே ஒன்று: இவரிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு மறந்துவிடலாமா, இல்லை பின்னாலேயே போய்க் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

யாராவது ஒரு வேலை சொன்னால், கேட்டதை உங்கள் வார்த்தையில் இரண்டு வரி எழுதி அவருக்கே சாட்டில் அனுப்புங்கள். "இந்த மூன்று ரிப்போர்ட்டையும் பழைய வெர்ஷனோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் மட்டும் வியாழன் மதியத்துக்குள் சொல்ல வேண்டும், சரிதானே?" இவ்வளவுதான். புரியாமலேயே தலையாட்டிவிட்டு வருவது கல்லூரியில் ஓடியிருக்கும், இங்கே மூன்றாம் நாள் மாட்டிக்கொள்வீர்கள். முடித்ததும் முடிந்துவிட்டது என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். முடித்துவிட்டு, கேட்டால் சொல்லலாம் என்று சும்மா இருப்பவர்கள் ஏராளம், அவர்களைப் பற்றி மேனேஜர் மனதில் இருப்பது "அந்தப் பையனை ஃபாலோ அப் பண்ணிக்கிட்டே இருக்கணும்" என்பதுதான், வேலை என்னவோ இரண்டு நாள் முன்பே முடிந்திருக்கும்.

தாமதமாகும் என்று தெரிந்தால், தெரிந்த அன்றே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டியது நடக்காது என்று புதன்கிழமை சொன்னால் அது ஒரு தகவல், டீம் லீட் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்வார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குச் சொன்னால் அது எஸ்கலேஷன், மேலதிகாரிகள் வரை போகும் பிரச்சினை. கெட்ட செய்தியைச் சீக்கிரமே கொண்டு வருபவர் என்ற பேர் கேட்க நன்றாக இல்லாவிட்டாலும், என் அனுபவத்தில் இதைவிட வேகமாக நம்பிக்கை சம்பாதித்துக் கொடுத்தது வேறு எதுவும் இல்லை.

நேரக் கணக்கும் இதில் சேரும். "இஓடி", அதாவது நாள் முடிவுக்குள், என்று சொன்னால் யாருடைய நாள் முடிவு என்று கேளுங்கள், நம்முடையதா நியூயார்க்குடையதா. நியூயார்க் நம்மைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கோடைகாலத்தில் ஒன்பதரை மணி நேரமும் பின்னால் இருக்கும். அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இந்த இடைவெளி வாரங்களில் மூன்று நாட்டுக்காரர்கள் சேரும் காலில் யாராவது ஒரு மணி நேரம் தவறி வந்து நிற்பது வருடா வருடம் நடக்கும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை "அடுத்த வாரம் நம் ஸ்டேட்டஸ் கால் இத்தனை மணிக்கு" என்று குரூப்பில் ஒரு வரி போடுகிறவர் யார் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தேதி எழுதும்போதும் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், 04/05 என்று போட்டால் அமெரிக்கர் ஏப்ரல் என்பார், லண்டன்காரர் மே என்பார்.

3. மெயில்

உங்களை நேரில் பார்க்காத நிறைய பேருக்கு உங்கள் மெயில்தான் நீங்கள். பொருள் வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். "ஸ்டேட்டஸ்" என்று வருவதைவிட "இன்வாய்ஸ் டிஃபெக்ட்: சரிசெய்தாயிற்று, திங்கள் ரிலீஸில் போகிறது" என்று வந்தால் திறக்காமலேயே விஷயம் தெரிந்துவிடும். முதல் வரியில் முடிவு, அப்புறம் காரணம், கடைசியில் யார் என்ன செய்ய வேண்டும் என்பது. நாம் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லிப் பழகியவர்கள், லாகைப் பார்த்தேன், பிறகு டேட்டாபேஸைப் பார்த்தேன், பிறகு இன்னாரிடம் கேட்டேன் என்று. மேனேஜர் அதைக் கைப்பேசியில், ஓஎம்ஆர் சிக்னலில் நின்றுகொண்டு படிக்கிறார்.

யாராவது உதவினால் அதை மெயிலிலேயே பெயரோடு எழுதுங்கள், அவருடைய லீடையும் சிசியில் வையுங்கள். செலவே இல்லாத வேலை. உதவியவர் அடுத்த முறை கேட்காமலேயே வருவார், மற்றவர்களும் இவன் கிரெடிட்டை அமுக்குகிறவன் இல்லை என்று தெரிந்துகொள்வார்கள்.

இன்னொரு பக்கம், உங்கள் வேலையை வேறொருவர் தன் பெயரில் சொல்லிக்கொண்டால்? இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். க்ளையன்ட்டிடம் உங்கள் லீட் "நாங்கள் இதைச் சரிசெய்தோம்" என்று சொன்னால் அது அவர் வேலை, அதற்கெல்லாம் மனதை நோகடித்துக்கொள்ள வேண்டாம். கூட வேலை பார்க்கிற ஒருவர் திரும்பத் திரும்ப அதைச் செய்தால் சண்டைக்குப் போகாமல், வேலை முடிந்த அன்றே சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நீங்களே ஒரு சுருக்க மெயிலைத் தட்டிவிடுங்கள். தேதியோடு மெயில் இருக்கும்போது வாயால் சொல்லிக்கொள்வதற்கு அதிகம் இடமில்லை.

4. க்ளையன்ட் காலில் வாய் திறப்பது

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு, ஏன், இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கும்தான், க்ளையன்ட் காலில் பேசுவது என்றால் வயிற்றைக் கலக்கும். ஆகவே மியூட்டில் உட்கார்ந்திருப்பார்கள், மாதக்கணக்கில். நீங்கள் அந்தக் காலில் இருந்ததே யாருக்கும் தெரியாது.

தினசரி ஸ்டேண்ட்-அப்பில், அதாவது டீமின் சின்ன தினக் கூட்டத்தில், சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம்: நேற்று எதை முடித்தேன், இன்று எதைச் செய்யப்போகிறேன், எது யாரிடம் நிற்கிறது. காலையிலேயே நோட்பேடில் எழுதிவைத்து அப்படியே படியுங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை. பெரிய மீட்டிங்கில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று பேசிவிடுங்கள், "குட் மார்னிங், ஆடியோ தெளிவாக இருக்கிறது" என்பதாக இருந்தாலும் சரி. நேரம் போகப் போக பயம் கூடுமே தவிரக் குறையாது. ஆக்சென்ட்டை மாற்ற முயற்சி செய்யாதீர்கள், மெதுவாகப் பேசினாலே போதும். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பச் சொல்லச் சொல்வதில் வெட்கமே இல்லை. அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கும் நம் பேச்சு பாதி புரியாமல்தான் இருக்கிறது.

சேர்ந்த புதிதில் எல்லோரையும் சார், மேடம் என்று கூப்பிடத் தோன்றும். க்ளையன்ட்டைக் கண்டிப்பாகப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அவர்களுக்கு சார் என்றால் கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும். ஆபீஸுக்குள் சீனியர் அண்ணாவும் அக்காவும் டீக்கடையில் அண்ணா, அக்காவாகவே இருக்கட்டும், மீட்டிங்கில் பெயர் போதும்.

5. யாரும் சீந்தாத ஓர் இடத்தைப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஃப்ரெஷர்கள் பொதுவாக ஆசைப்படுவது எல்லோரும் ஆசைப்படும் வேலைக்கு. புது மாட்யூல், ஏஐ, க்ளவுட். அங்கே ஏற்கெனவே பத்து வருட அனுபவக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதே ப்ராஜெக்ட்டில் எல்லோரும் முகத்தைச் சுளிக்கும் ஒரு மூலை கட்டாயம் இருக்கும்: ராத்திரியில் தானாக ஓடும் பேட்ச் ஜாப், டெஸ்ட் டேட்டா தயாரிப்பது, பழைய ரிப்போர்ட், புதிதாக வருபவர்களுக்கு ஆக்ஸஸ் வாங்கிக் கொடுக்கும் தலைவலி. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் மட்டும் உங்களைவிட யாருக்கும் அதிகம் தெரியாது என்கிற அளவுக்குப் போய்விடுங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இணையதளங்களுக்கான டிஎல்எஸ் சான்றிதழ், தளம் உண்மையானது, இணைப்பு பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் டிஜிட்டல் சான்று. இது காலாவதியானால் பிரவுசர் தளத்தைத் திறக்காமல் சிவப்பு எச்சரிக்கை காட்டும், கஸ்டமர் எல்லோரும் அலறுவார்கள், ஆனால் அதைப் புதுப்பிப்பது யார் பொறுப்பு என்று பல டீம்களில் யாருக்குமே தெரியாது, யாரோ ஒருவருடைய காலண்டரில் ஒரு நினைவூட்டல் இருக்கும், அவரும் வேலையை விட்டுப் போயிருப்பார். பொதுத்தளச் சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2020 செப்டம்பரிலிருந்து 398 நாளாக இருந்தது. 2025 ஏப்ரலில் சான்றிதழ் வழங்குபவர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த அமைப்பு அதைப் படிப்படியாகக் குறைக்க ஓட்டுப்போட்டு முடிவு செய்தது: 2026 மார்ச் முதல் 200 நாள், 2027 மார்ச் முதல் 100 நாள், 2029 மார்ச் முதல் வெறும் 47 நாள். வருடத்துக்கு ஒரு முறை வந்த தலைவலி இனி ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை வரப்போகிறது. உங்கள் ப்ராஜெக்ட்டில் எந்தெந்தச் சர்வரில் எந்தச் சான்றிதழ், எப்போது முடிகிறது, புதுப்பிக்க யாரிடம் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் எடுத்து, அதைத் தானாகப் புதுப்பிக்க என்ன செய்யலாம் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய் லீடிடம் காட்டும் ஃப்ரெஷரை அந்த லீட் மறக்க மாட்டார். இதற்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் பொறுமை வேண்டும், நாலு பேரிடம் கேட்கும் தைரியம் வேண்டும்.

தெரிந்துகொண்டதை எழுதிவையுங்கள். டீமின் விக்கியிலோ ஷேர்பாயின்ட்டிலோ, "இந்த ஜாப் நின்றால் முதலில் இதைப் பார், அப்புறம் இதை" என்று ஸ்கிரீன்ஷாட்டோடு. ராத்திரி இரண்டு மணிக்கு சப்போர்ட் ஷிஃப்ட்டில் இருக்கும் யாரோ ஒருவர் அதைத் திறந்து படித்துத் தப்பித்துக்கொள்ளும்போது பக்கத்தின் மேலே உங்கள் பெயர் இருக்கும். இதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு விஷயம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று ஆகிவிட்டால் நல்ல ப்ராஜெக்ட் வரும்போது உங்களை விடமாட்டார்கள், "நீ போயிட்டா இதை யார் பார்ப்பா" என்பார்கள். சிலர் இதைப் பாதுகாப்பு என்று நினைத்துப் பூட்டிவைப்பார்கள், அதே இடத்தில் ஆறேழு வருடம் உட்கார்ந்திருப்பவர்களை எல்லா மாடியிலும் பார்க்கலாம். உங்களுக்குப் பின்னால் சேரும் ஒருவருக்கு கேடி கொடுத்து, அதாவது தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்து, அவரையும் தயார்படுத்திவிடுங்கள். ஃப்ரெஷராக வந்தவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்பது அடுத்த கிரேடுக்கான காரணமாகவே எழுதப்படும்.

இன்னும் பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் கிடைக்காமல், இருப்பவர்கள் தங்கள் திறமைக்கான சான்றிதழ் தேர்வு எழுதலாம். அமேசானின் ஏடபிள்யூஎஸ் க்ளவுட் பிராக்டிஷனர் என்றால் 65 கேள்வி, 90 நிமிடம், மூன்று வருடம் செல்லும். உங்கள் ப்ரொஃபைலை ப்ராஜெக்ட்டுக்குத் தேடும்போது மேலே காட்ட அது உதவும். உள்ளே போன பிறகு அதை யாரும் கேட்பதில்லை.

6. கேக் கமிட்டி

ஃப்ரெஷர் என்றால் துள்ளலாக இருப்பார்கள் என்று ஃபன் கமிட்டியில் இழுத்துப் போடுவார்கள். பிறந்தநாள் கேக், பேன்ட்ரியில் பலூன், பொங்கலுக்குக் கோலப்போட்டி, ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி விநியோகம். பெண்களை இதில் இரண்டு மடங்கு இழுப்பார்கள், மீட்டிங் குறிப்பு எடுப்பதும் அவர்கள் தலையிலேயே விழும். வேண்டாம் என்று சொல்லவில்லை, வேறு மாடி ஆட்களைத் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி கிடையாது, வேறு டீமில் ஒரு ஆக்ஸஸ் அவசரமாக வேண்டும்போது கோலப்போட்டியில் பழகியவர்தான் உதவுவார். ஆனால் அப்ரைசல் கூட்டத்தில் "பொங்கல் ஃபங்ஷன் சூப்பரா நடத்தினாங்களே, அவங்களா" என்று மட்டும் சொன்னால் அதற்கு ரேட்டிங் கிடையாது. வருடத்துக்கு ஒரு விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்ததற்கு "ரிலீஸ் இருக்கு, இந்தத் தடவை பசங்க பண்ணட்டும்" என்று சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மீட்டிங் குறிப்பும் அப்படித்தான். முதல் சில மாதம் எடுப்பது நல்லது, ப்ராஜெக்ட் முழுக்கப் புரியும், உங்கள் பெயரில் மெயில் போகும். பிறகு முறை வைத்து எடுக்கலாம் என்று நீங்களே லீடிடம் சொல்லுங்கள்.

7. வெள்ளிக்கிழமை பத்து நிமிடம்

மார்ச்சில் செல்ஃப் அப்ரைசல் படிவத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, போன மே மாதம் என்ன செய்தோம் என்று யோசித்து முழிக்காதவர் குறைவு. வெள்ளிக்கிழமை கேபுக்கு இறங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி மூன்று வரி எழுதுங்கள்: என்ன செய்தேன், அதனால் என்ன மாறியது, அது யாருக்குத் தெரியும்.

"என்ன மாறியது" என்பதற்கு எண் வேண்டும் என்றால், மாற்றுவதற்கு முன்பே அளந்து வைத்திருக்க வேண்டும். ரிப்போர்ட் வேகமாகிவிட்டது என்று சொன்னால் "நல்லது" என்பார்கள். 40 நிமிடம் ஓடியது இப்போது 25 நிமிடத்தில் முடிகிறது என்று சொன்னால் மேனேஜர் அதை அப்படியே தன் ஸ்லைடில் போட்டுக்கொள்வார். நிறைய பேர் சரிசெய்துவிட்டுத்தான் அளக்கலாமே என்று யோசிக்கிறார்கள், அப்போது பழைய எண் கிடைக்காது.

க்ளையன்ட் காலில் வாய்விட்டுப் பாராட்டினால், "உங்களுக்கு நேரம் இருக்கும்போது இதையே என் மேனேஜருக்கு ஒரு வரி எழுத முடியுமா" என்று பணிவாகக் கேட்கலாம். முதல் முறை கூச்சமாக இருக்கும், பெரும்பாலும் சந்தோஷமாகவே எழுதுவார்கள். ஆனால் அந்த அப்ரிசியேஷன் மெயிலை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவைத்துக்கொள்ளாதீர்கள், பல கம்பெனிகளில் அதைக் கண்காணிக்கும் மென்பொருள் இருக்கிறது, விளக்கம் கேட்டு மெயில் வரும். வீட்டு நோட்டில், க்ளையன்ட் பெயர் இல்லாமல், உங்கள் வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள்.

8. வெளியே தெரியும் முகம்

பர்சனல் பிராண்ட் என்றதுமே பலர் நேராக ஓடுவது லிங்க்ட்இனுக்கு. நான் அதை எட்டாவதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே பேர் இல்லாமல் வெளியே பேர் எடுத்தால் டீமில் அதற்கு "சீன் போடுறான்" என்றுதான் பெயர்.

ப்ரொஃபைலை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு போதும். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து இடம் உண்டு, அதில் ஆர்வம், துடிப்பு, கனவு என்று நிரப்பாமல் எதில் வேலை செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். கல்யாண வீட்டில் எடுத்து, பக்கத்தில் இருப்பவரின் தோளோடு வெட்டிய போட்டோ வேண்டாம். க்ளையன்ட் பெயரைப் போடாமல் "அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று" என்று எழுதுவதே பாதுகாப்பு, நீங்கள் கையெழுத்துப் போட்ட ரகசிய ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அது இருக்கும். சேர்ந்த அன்று ஐடி கார்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து எடுக்கும் போட்டோவில் ஊழியர் எண்ணும் பார்கோடும் தெளிவாகத் தெரிகிறது, மோசடிக்காரர்களுக்கு அது போதும்.

நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் சொந்தப் பயிற்சிக்காக எழுதிய நிரல் மட்டும் இருக்கட்டும், கம்பெனி லேப்டாப்பில் எழுதியது ஒரு வரிகூட அங்கே போகக் கூடாது. சாட்ஜிபிடிக்கும் இதே கதைதான். 2023-ல் சாம்சங் ஊழியர்கள் கம்பெனியின் உள் நிரலை அதில் ஒட்டிக் கேட்டது தெரியவந்து, அந்தக் கம்பெனி இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. உங்கள் கம்பெனி எதை அனுமதிக்கிறது என்று கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். இந்த விஷயத்தில் கெட்டுப்போகும் பேர் லேசில் திரும்பி வராது.

எழுத ஆசை இருந்தால், கற்றுக்கொண்ட பொதுவான தொழில்நுட்ப விஷயம் ஒன்றை மாதம் ஒரு முறை எழுதுங்கள். தமிழிலும் எழுதலாம், படிக்க ஆள் இருக்கிறார்கள்.

9. மேனேஜர் கையில் வாக்கியத்தைக் கொடுங்கள்

இதெல்லாம் செய்தும் மேனேஜருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பு உண்டு, அவருக்குக் கீழே முப்பது பேர் இருக்கலாம், உங்களை அன்றாடம் பார்ப்பது லீட் மட்டும்தான். மாதம் ஒரு முறை கால் மணி நேரம் ஒன்-ஆன்-ஒன் கேளுங்கள். குறை சொல்லும் இடமாக அதை ஆக்கிவிடாமல், வெள்ளிக்கிழமை நோட்டிலிருந்து இரண்டு விஷயம் சொல்லி, "அடுத்த மூன்று மாதத்தில் நான் எதைப் பார்த்துக்கொண்டால் உங்களுக்கு உதவியாக இருக்கும்" என்று கேளுங்கள். கூடவே அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று சிரிப்பது, அவர் போடும் போஸ்ட்டுக்கெல்லாம் கைதட்டுவது எல்லாம் வேண்டாம். காக்கா பிடிப்பவர் என்ற பேர் அந்த மேனேஜர் வேறு ப்ராஜெக்ட்டுக்குப் போன பிறகும் உங்கள் கூடவே இருக்கும்.

ப்ராஜெக்ட் மாற்றம் பற்றிச் சொல்ல வேண்டும், இங்கேதான் நிறைய பேருக்கு அடி விழுகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஒருவரிடம் உயிரைக் கொடுத்து வேலை பார்த்திருப்பீர்கள், டிசம்பரில் வேறு ப்ராஜெக்ட்டுக்கு மாற்றுவார்கள், மார்ச்சில் ரேட்டிங் போடுவது உங்களை மூன்று மாதமாக மட்டும் தெரிந்த புது மேனேஜர். ஆகவே பழைய ப்ராஜெக்ட்டிலிருந்து உங்களை விடுவிக்கும் தேதி தெரிந்த உடனே பழைய மேனேஜரிடம் போய், சிஸ்டத்தில் ஃபீட்பேக்கைப் பதிவு செய்துவிடச் சொல்லுங்கள். நீங்களே நாலு பாயின்ட் எழுதிக் கொடுத்தால் அவருக்கும் வேலை மிச்சம். கடைசி நாளுக்குப் பிறகு கேட்டால் "பார்க்கலாம்ப்பா" என்பார், அவருக்கும் புது ப்ராஜெக்ட் வந்திருக்கும்.

செல்ஃப் அப்ரைசல் படிவத்தில் இருபது விஷயம் எழுதாதீர்கள். மூன்று எழுதுங்கள், எண்ணோடு, பெரியது முதலில். நீங்கள் கூட்டத்தில் இல்லாதபோது மேனேஜர் வாசிக்கப்போவது அந்த முதல் வரியைத்தான், அதனால் அதை அவர் அப்படியே வாய்விட்டுச் சொல்கிற மாதிரி எழுதிச் சத்தமாக ஒரு முறை படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் திருத்துங்கள்.

ரேட்டிங் எதிர்பார்த்த மாதிரி வராவிட்டால் அன்றைக்கே சண்டை போடாமல் இரண்டு நாள் கழித்துப் போய் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: "மேலே இருந்தவர்கள் செய்து நான் செய்யாதது எது?" "அடுத்த ஆறு மாதத்தில் எதைப் பார்த்தால் உங்கள் எண்ணம் மாறும்?" பதிலை அங்கேயே எழுதிக்கொண்டு, அன்று சாயங்காலமே "நாம் பேசியது இது" என்று அவருக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். அக்டோபரில் அதே மெயிலை மேலே எடுத்துப் பதில் எழுதலாம், எது எது முடிந்தது என்று.